வருகைப் பதிவேடு தந்த நீல பெல்ட்

தரையில் மல்லுக்கட்டிப் பிடிபோட்டு வெல்லும் பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்ற தற்காப்புக் கலையில், முதன்முதலாக என் இடுப்பில் நீல பெல்ட்டைக் கட்டிவிட்டபோது, பயிற்சியாளர் என் ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கணினித் திரையைப் பார்த்து, தேவையான வகுப்புகளின் எண்ணிக்கையை நான் நிறைவு செய்துவிட்டதாக அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள், புகைப்படம் எடுத்தார்கள், நானும் பெருமையோடுதான் நின்றேன். இரண்டு மாதம் கழித்து, அலுவல் நிமித்தமாகப் போன ஓர் ஊரில், எந்தப் பெரிய பெயரும் இல்லாத சிறிய பயிற்சிக்கூடம் ஒன்றில் ஒரு மாலை பயிற்சி செய்தேன். இந்தக் கலையில் சேர்ந்து சில மாதங்களே ஆன, என்னைவிட எடை குறைந்த ஒரு வெள்ளை பெல்ட் (வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்ற வரிசையில் முதல் படி) என் மார்பின் மேல் ஏறி அமர்ந்தார். ஐந்து நிமிடச் சுற்று முடியும்வரை இறங்கவே இல்லை. அந்த நிலையிலிருந்து தப்பிக்க மூன்று வழிகள் எனக்குப் பெயரோடு தெரியும், படிப்படியாகச் செய்துகாட்டவும் தெரியும். ஆனால் அவற்றில் ஒன்றுகூட அன்று உதவவில்லை.

நான் பயின்றது ஒரு பெரிய ஃபிரான்சைஸின் கிளையில். எந்த ஃபிரான்சைஸ் என்பது இங்கே தேவையற்றது, ஏனெனில் நான் சொல்லவருவது ஒரு பெயர்ப்பலகையின் குறையை அல்ல. இந்த விளையாட்டில் பெயர்ப்பலகை எதற்கு உத்தரவாதம் தருகிறது, எதற்குத் தருவதில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

ஃபிரான்சைஸ் முறை பேராசையில் மட்டும் பிறந்தது என்று சொல்வது நியாயமாகாது. 1993 நவம்பரில் நடந்த பல தற்காப்புக் கலையினர் மோதிய முதல் யுஎஃப்சி போட்டியில் ராய்ஸ் கிரேசி இந்தக் கலையைக் கொண்டே ஒரே இரவில் மூவரை வென்றபோது, ஜியு-ஜிட்சு கற்க விரும்பியவர்களின் எண்ணிக்கை பெருகிய வேகத்தில் கறுப்பு பெல்ட் ஆசிரியர்களின் எண்ணிக்கை பெருகவில்லை. ஒரு கறுப்பு பெல்ட் உருவாகப் பெரும்பாலும் பத்தாண்டுகள் பிடிக்கின்றன. அதனால் பிரேசிலுக்கு வெளியே பல இடங்களில் நீல பெல்ட்டுகளும் ஊதா பெல்ட்டுகளும்தான் வகுப்பெடுத்தார்கள். எதை, எந்த வரிசையில் கற்பிப்பது என்பது அவரவர் நினைவாற்றலையும் அன்றைய மனநிலையையும் பொறுத்ததாக இருந்தது. அந்தக் குழப்பத்தில் எழுதிவைத்த பாடத்திட்டம் என்பது பெரிய கொடை. 1986இல் ரியோ டி ஜெனிரோவின் பார்ரா டா டிஜூகா பகுதியில் கார்லோஸ் கிரேசி ஜூனியர் தொடங்கிய கிரேசி பார்ரா, பாடத்திட்டம், சீருடை, வகுப்பு நிலைகள் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்து உலகெங்கும் கொண்டுசென்ற அமைப்புகளில் முதன்மையானது.

இணைப்பு பெற்ற பயிற்சிக்கூடத்தையும் ஃபிரான்சைஸையும் பலர் ஒன்றாகக் கருதுகிறார்கள். இணைப்பு என்பது பொதுவாகக் குரு மரபு சார்ந்த உறவு: ஆண்டுக் கட்டணம் உண்டு, தலைமை ஆசிரியர் அவ்வப்போது வந்து பயிலரங்கு நடத்துவார், பெல்ட் கொடுப்பார், மற்றபடி கற்பிக்கும் முறை அந்தக் கூடத்தின் விருப்பம். ஃபிரான்சைஸிலோ சுவரின் நிறம், வகுப்பின் கால அளவு, புதியவரை வரவேற்கும் சொற்கள், மாதச் சந்தா ஒப்பந்தம் வரை மேலிருந்து வருகின்றன.

பாடத்திட்டத்தின் சிக்கல் அதன் உள்ளடக்கத்தில் இல்லை, சுழற்சியில் இருக்கிறது. எந்த வாரம் ஒருவர் சேர்ந்தாலும் வகுப்பு அவருக்குப் புரிய வேண்டும் என்பது வணிகத்தின் தேவை. ஆகவே ஒவ்வொரு வாரப் பாடமும் தனித்து நிற்குமாறு அமைக்கப்படுகிறது. இந்த வாரம் கற்றதன்மேல் அடுத்த வாரம் எதுவும் கட்டப்படுவதில்லை. சில மாதங்களில் சுற்று முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து அதே பாடம், அதே விளக்கம். முதல் சுற்றில் அது அருமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது சுற்றில், பயிற்சியாளர் வாய் திறக்கும் முன்பே அவர் சொல்லப்போகும் நகைச்சுவை எனக்குத் தெரிந்திருந்தது.

இதைவிடப் பெரிய குறை, எதிர்ப்பு இல்லாத பயிற்சி. ஒரு மாதம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்: அறுபது நிமிட வகுப்பில், எதிராளி உண்மையாகவே முரண்டுபிடிக்க, நாங்கள் உருண்டு புரண்ட நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டவே இல்லை. மார்பின் மேல் அமர்ந்தவரை இடுப்பை உயர்த்திப் புரட்டும் உபா என்ற அடிப்படை உத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் புரட்டப் போகிறோமோ, அந்தப் பக்கத்து கையையும் காலையும் முதலில் சிறைப்பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அவர் கையை ஊன்றி நின்றுகொள்வார். எங்கள் வகுப்பில், மேலே அமர்ந்த இணை தன் கையை என் மார்பில் மரியாதையோடு வைத்துக் காத்திருப்பார், நான் அதைப் பிடிப்பேன், புரட்டுவேன், எழுந்து அவருக்கு நன்றி சொல்வேன். நூறு முறை செய்தேன். உண்மையான எதிராளி கையை அப்படிக் கொண்டுவந்து தருவதில்லை. அகலமாகத் தரையில் ஊன்றுவார், அல்லது என் தலைக்கடியில் செருகி அணைத்துக்கொள்வார். அந்தக் கையை எப்படிப் பிடிக்கும் இடத்துக்கு வரவைப்பது என்பதுதான் உத்தியின் பெரும்பகுதி. அந்தப் பகுதி எதிர்ப்புள்ள பயிற்சியில் மட்டுமே கிடைக்கும்.

இதில் ஒரு வரலாற்று முரண் இருக்கிறது. 1882இல் ஜப்பானில் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியை நிறுவிய ஜிகோரோ கானோ, முழு வேகத்தில் செய்தால் உடல் சிதையும் உத்திகளை ஒதுக்கிவிட்டு, மீதியை முழு எதிர்ப்போடு தினமும் பயிலும் முறையைத் தன் ஜூடோவின் நடுவில் வைத்தார். அந்தப் பள்ளியிலிருந்து வந்த மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்து, பின்னர் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவை வளர்த்த கிரேசி குடும்பத்தின் கார்லோஸ் கிரேசிக்குக் கற்றுக்கொடுத்தார். அப்படி வழிவழியாக வந்த சொத்தில் முதன்மையானது இந்த எதிர்ப்புப் பயிற்சிதான். முன்னோர்களின் படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டிவிட்டு, அவர்கள் தந்ததை வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுகிறோம். புதியவர்களுக்குக் காயம் படக்கூடாது, பயந்து ஓடிவிடக்கூடாது என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் நிலையைக் குறிப்பிட்டு, இலக்கைச் சுருக்கி, ஒருவர் தப்பிக்கவும் மற்றவர் தடுக்கவும் இரண்டு நிமிடம் முயலும் பயிற்சியை முதல் வாரத்திலேயே பாதுகாப்பாகச் செய்ய முடியும். அதற்கு இணைகளைப் பொருத்தமாகச் சேர்த்துவிட்டு, அறையைச் சுற்றிவந்து கவனிக்கும் பயிற்சியாளர் தேவை. அந்தக் கவனத்தைப் பாடத்திட்டத் தாளில் அச்சிட்டு அனுப்ப இயலாது.

பெல்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிகளின்படி வயது வந்தோருக்கு நீலத்தில் பொதுவாகக் குறைந்தது 2 ஆண்டு, ஊதாவில் ஒன்றரை ஆண்டு, பழுப்பில் 1 ஆண்டு இருக்க வேண்டும். வெள்ளைக்கு அப்படி எந்தக் குறைந்தபட்சமும் இல்லை. ஆகவே முதல் உயர்வு முழுக்கவும் பயிற்சியாளரின் கையில் இருக்கிறது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் பெல்ட்டில் முன்னேற்றத்தைக் காட்டும் புதிய வெள்ளைக் கோடு ஏறுவது தற்செயல்தானா என்று எங்கள் உடைமாற்றும் அறையில் நாங்கள் கிசுகிசுத்ததுண்டு. நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

பண்பாடு என்று வரும்போது என்னை உறுத்தியது வணங்குவதோ வரிசையில் நிற்பதோ அல்ல. அவை எனக்குப் பிடித்தமானவையே. வேறு கூடத்தில் பயிற்சி செய்யக்கூடாது என்ற எழுதப்படாத தடைதான் உறுத்தியது. அணி மாறுபவரைக் ‘கிரியோன்டே’ என்று பழிக்கும் வழக்கம் இந்த விளையாட்டில் உண்டு. கார்லோஸின் மகனும் புகழ்பெற்ற பயிற்சியாளருமான கார்ல்சன் கிரேசி பரப்பிய சொல் அது. அவருடைய மாணவர்களே பிரிந்துபோய் 2000இல் பிரேசிலியன் டாப் டீம் என்ற அணியைத் தொடங்கினார்கள். இன்று உலகப் போட்டிகளில் முன்னணியில் நிற்கும் செக்மேட், ஆடோஸ் போன்ற அணிகளும் 2008இல் ஒரு பிரிவினைக்குப் பின் எழுந்தவையே. பிரிந்துபோனவர்களின் வழிவந்தவர்கள், மாதச் சந்தா கட்டும் கணக்காளரிடமும் ஆசிரியையிடமும் விசுவாசம் கேட்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று அந்தச் சிறிய கூடத்துக்குப் போய்வந்ததை நான் என் கிளையில் யாரிடமும் சொல்லவில்லை.

இதற்காக எந்த ஃபிரான்சைஸிலும் சேராத தனிக் கூடங்களை நான் தூக்கிவைத்துப் பேசமாட்டேன். ஃபிரான்சைஸிலிருந்து விலகி ஓராண்டு அப்படி ஒன்றில் பயின்றேன். ஆட்டம் கூர்மையானது, உண்மை. ஆனால் அங்கே உரிமையாளரின் சொல்லே சட்டம். எடை மிகுந்த ஒருவர், தன் இணையாகப் பயின்ற ஒரு தோழி தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிய பிறகும் பிடியை விடாமல் இழுத்து அவருடைய முழங்கையைக் காயப்படுத்தியபோது, காயப்படுத்தியவர் போட்டிகளில் பதக்கம் வெல்பவர் என்பதற்காக எதுவும் நடக்கவில்லை. அந்தத் தோழி பயிற்சியையே விட்டுவிட்டார். என் பழைய கிளையில் எழுதிவைத்த நடத்தை விதி இருந்தது, முறையிட ஒரு மேலிடம் இருந்தது; அந்த மேலிடம் கட்டணத்தைத்தான் அதிகம் கவனித்தது என்றாலும், எதுவுமே இல்லாததற்கு அது மேல். தரையைத் தினமும் துடைப்பது, நகம் வெட்டாதவரைத் திருப்பி அனுப்புவது போன்றவற்றிலும் கிளை கண்டிப்பாக இருந்தது. படர்தாமரை வந்து இரண்டு வாரம் வீட்டில் இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இப்போது எந்தக் கூடத்துக்குப் போனாலும், சேருவதற்கு முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக அமர்ந்து பார்க்கிறேன். கறுப்பு பெல்ட்டின் உத்தி விளக்கத்தைப் பார்ப்பதில்லை. அது எங்கும் நன்றாகத்தான் இருக்கும். நீல பெல்ட்டுகள் தங்களைவிடச் சிறியவரோடு எப்படி உருளுகிறார்கள், ஊதாவுக்கு மேல் பெண்கள் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், நாற்பதைக் கடந்தவர்கள் யாரேனும் இருக்கிறார்களா, வகுப்பு முடிந்ததும் எல்லோரும் உடனே கிளம்பிவிடுகிறார்களா என்று பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்துத்தான் என் பழைய கிளைக்கே திரும்பினேன். உரிமை கைமாறிப் புதிய பயிற்சியாளர் வந்திருந்தார். சுவரில் அதே பாடத்திட்டத் தாள், அதே வாரம், அதே உபா. பத்து நிமிடம் செய்துகாட்டியபின், மேலே இருப்பவர் கையை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சொல்லி மணியை அடித்தார். மீதி நேரம் முழுக்க அதுதான். கடைசிச் சுற்றில் அவரும் இறங்கினார். ஒரு வெள்ளை பெல்ட் அவரை எப்படியோ புரட்டிவிட, எழுந்து அமர்ந்து, ‘இப்போது என் கையை எப்படிப் பிடித்தீர்கள், மறுபடி காட்டுங்கள்’ என்று கேட்டார். சீருடை விதி மட்டும் மாறவில்லை. முத்திரை பொறித்த அந்த வெள்ளை உடையை முணுமுணுத்துக்கொண்டே இரண்டாம் முறையாக வாங்கியிருக்கிறேன்.