சுங்கான் மேசை: அக்டோபர்

அக்டோபர் 4

சுத்தம் செய்ய ஒரு பழைய புகையிலைச் சுங்கான். டப்ளின் பீட்டர்சன் நிறுவனத்தின் சிஸ்டம் ஸ்டாண்டர்ட், வடிவ எண் 312. கிண்ணத்தில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்குக் கரி. வாய்க்குழல் பாசி நிறம். கழுத்தில் மூன்று வரி முத்திரை, ‘மேட் இன் தி / ரிபப்ளிக் / ஆஃப் ஐர்லாந்து’. கடைசி வரி பாதிதான் தெரிகிறது. யாரோ எப்போதோ மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் காட்டியிருக்கிறார்கள்.

வளையத்தில் மூவிலை, படுத்த நரி, கோபுரம். இதை வெள்ளி முத்திரை என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. இது நிக்கல். டப்ளின் வெள்ளி என்றால் முடிசூடிய யாழ், உட்கார்ந்த பெண்ணுருவம், கூடவே ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து இருக்கும். இதில் அந்த எழுத்து இல்லாததால் வயதுக்குச் சாட்சி மரத்திலுள்ள அந்த மூன்று வரிதான். ஐர்லாந்து குடியரசானது 1949 ஏப்ரலில். அதை ஒட்டியோ அதற்குப் பின்னோ செய்தது. அதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது.

அக்டோபர் 5

முத்திரைமேல் மாஸ்கிங் டேப். மற்றதெல்லாம் பிறகு.

அக்டோபர் 6

ரீமர், கிண்ணத்துக் கரியைச் சுரண்டும் கருவி. இருப்பதிலேயே சின்னத் தலையில் தொடங்கி, அரைச் சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே. அழுத்தவே கூடாது. அழுத்தினால் கரி பாளமாகப் பெயரும், மரத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். கிண்ணத்தின் வட்டமும் கோணிப்போகும். கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு ரீமர் வேண்டாம். மரக்குச்சியில் 150, பிறகு 220 உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் போதும்.

வழக்கமாக ஒரு மில்லிமீட்டர் கரியை விட்டுவைப்பது நல்லது. தடித்த கரியும் சுங்கான் செய்த பிரையர் மரமும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை, கிண்ணம் பிளப்பது அதனால்தான். ஆனால் பழைய சுங்கானில் சுவரைப் பார்த்தே ஆகவேண்டும், அதனால் மரம்வரை எடுத்தாயிற்று. பின்சுவரில் வலைபோல் மெல்லிய வெடிப்புகள். கூரான கம்பியால் குத்திப் பார்த்தால் மரம் கெட்டியாக இருக்கிறது. மெத்தென்று உள்ளே போயிருந்தால் எரிந்து ஓட்டையாகும் கட்டம். இது அதில்லை.

அக்டோபர் 7

பழைய வாசனையை இழுக்க ஆல்கஹாலோடு கல் உப்பா, பஞ்சா? எல்லோரும் உப்பு என்கிறார்கள். இந்த வடிவத்துக்குப் பஞ்சே சரி. 1890-களில் சார்லஸ் பீட்டர்சன் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. புகைத்துளைக்குக் கீழே கழுத்துக்குள் ஒரு குழி, ஈரமெல்லாம் அதில் இறங்கித் தங்கும். உப்பு அதில் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு.

கிண்ணத்தில் பஞ்சு, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், சொட்டுக்குழாயால் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை. வெளியே வழிந்தால் சாயம் கரையும், மரத்தின் குழிகளை அடைத்திருக்கும் மக்குப் பூச்சும் சில சமயம் உதிரும்.

அக்டோபர் 8

பஞ்சு டிகாக்‌ஷன் நிறம். புதுப் பஞ்சு.

அக்டோபர் 9

குழி. காது குடையும் பஞ்சுக்குச்சி முனை வளையாமல் அடிவரை போகாது. போனாலும் கறுப்பு. கெட்டித் தாரை முதலில் மழுங்கிய கம்பியால் சுரண்டி, பிறகுதான் ஆல்கஹால். கிண்ணம் சுத்தமாகி, குழி அப்படியே இருந்தால் வாசனை அடுத்த நாளே திரும்பி வரும்.

அக்டோபர் 11

வாய்க்குழல். எபோனைட், அதாவது கந்தகம் கூடுதலாகச் சேர்த்து இறுக்கிய ரப்பர். திருவள்ளூரில் இன்றும் பேனா கடைகிற அதே பொருள். பழைய மைப் பேனா வைத்திருப்பவருக்கு இந்தப் பழுப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிச்சமும் ஈரமும் சேர்ந்து மேல்பரப்பின் கந்தகத்தைக் கிளப்பிவிடுகின்றன. சுடுதண்ணீரில் போட்டால் இன்னும் மோசம், கண்ணெதிரே பழுக்கும். பிளீச் பழுப்பை எடுத்துவிட்டுப் பொடிப்பொடிக் குழிகளை விட்டுப்போகும்.

ஆறிய தண்ணீரும் வாட்டர் பேப்பரும் மட்டுமே. 400, 600, 1000, 2000. ஒவ்வொன்றிலும் முந்தைய கீறல் முழுக்கப் போன பிறகே அடுத்தது. 400-இன் கீறலை 2000 எடுக்காது, பளபளப்பாக்கிக் காட்டிக்கொடுக்கும்.

பல் தடத்துக்கு லைட்டர் சூடு. எபோனைட் பழைய வடிவத்தை நினைவு வைத்திருக்கும், தடம் மேலெழும். ஆனால் நேராகச் செய்து, சூட்டில் வளைத்த குழல் இது. சூடு கூடினால் வளைவும் நிமிரப் பார்க்கும். அதனால் தீயைத் தொடாமல் அசைத்துக்கொண்டே, உள்ளே ஒரு பைப் கிளீனரோடு. இந்த வாய்முனையில் துளை அண்ணத்தைப் பார்த்து மேலே திறப்பதால் கிளீனரை உள்முனையிலிருந்துதான் விடவேண்டும். எழும்பாத குழிக்குக் கரித்தூளும் சூப்பர் குளூவும். வேகப்படுத்தும் ஸ்பிரே அடித்தால் குமிழ் வரும், தானாகக் காயட்டும்.

அக்டோபர் 12

டேப்பைத் தூக்கிப் பார்த்தாயிற்று. முத்திரை அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 16

மழை. குழல் கழுத்துக்குள் நேற்றுப் போன ஆழத்துக்குப் போகவில்லை. மரம் ஊறியிருக்கிறது. இதைத் தேய்த்துச் சரிசெய்யக் கை பரபரக்கும். கூடாது. வெயில் வந்ததும் தொளதொளக்கும்.

இன்னொன்று. குழலின் தோளுக்கும் வளையத்துக்கும் நடுவே தெரியும் இடைவெளி குறையே இல்லை. கழுத்துக்குள் போகும் முனை சரிவாக இருப்பதால் காலப்போக்கில் துளை அகல அகல, குழல் இன்னும் உள்ளே இறங்க அந்த இடம் தேவை. இடைவெளியை மூடுகிறேன் என்று முனையைச் சீவியவர்களின் சுங்கான்கள் நிறைய. எரிச்சலாக வருகிறது.

அக்டோபர் 18

விளிம்பு. ஈரப் பஞ்சில் தார் பாதி போனது. மீதிக்குக் கண்ணாடித் தகட்டின்மேல் 220 தாள், கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டமாக இரண்டு சுற்று, எடுத்துப் பார், மறுபடி. உள்வட்டத்தில் ஒரு கருகல் மட்டும் மிச்சம். அதற்காக உயரத்தைக் குறைப்பதைவிட மெல்லிய சாய்வு கொடுத்துவிடலாம்.

அக்டோபர் 19

வாசனை திரும்பிவிட்டது.

அக்டோபர் 21

விளக்கைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் ஒளி விட்டால் மூன்றாம் வரி முழுசாகத் தெரிகிறது. நேர் வெளிச்சத்தில் இல்லை. சுண்ணாம்புத் தூள் தடவினால் படத்தில் தெளிவாக வரும் என்கிறார்கள். வரும், படத்துக்கு. புதிதாக முத்திரை குத்தித் தருகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்குப் பெயர் மோசடி.

மெருகுக்கான கார்னாபா மெழுகுக்கு அவசரமில்லை. அது உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும், கையால் தேய்த்தால் திட்டுத்திட்டாக நிற்கும், சக்கரம்தான் சரி. அந்தச் சக்கரம்தான் முத்திரையையும் தின்னும். டேப் போட்ட இடத்துக்கு மட்டும் மென்மெழுகு, விரலால். அதற்கும் முன்னால் குழி சுத்தமாகவேண்டும். மெழுகின்மேல் ஒரு சொட்டு ஆல்கஹால் விழுந்தால் வெளுத்துப்போகும்.

அக்டோபர் 23

குச்சியில் இன்னும் பழுப்பு. மெழுகு இல்லை.

அக்டோபர் 24

பழுப்பு வெளுத்திருக்கிறது. குழிக்கு மட்டும் திரி மாதிரி முறுக்கிய பஞ்சு, ஆல்கஹால் அரை மில்லி, கிண்ணம் காலி. மழை விடவில்லை. கழுத்தில் குழலைப் பொருத்தாமல் தனியே வைத்தாயிற்று.