அந்த தூசிய தொடைக்காதீங்க

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு ரெஸ்டோர் பண்ணாம, அதாவது புதுசு மாதிரி சரி பண்ணாம, அப்படியே ஏலத்துக்கு வருதுன்னா போதும், போட்டோவ பெருசாக்கி பெருசாக்கி பாத்துட்டே இருப்பேன், சாப்பாடு கூட மறந்துரும். நான் திரும்ப திரும்ப எடுத்து பாக்குறது 2015 பிப்ரவரில பாரிஸ் ரெட்ரோமொபில்ங்கற பழைய கார் ஷோல ஆர்ட்க்யூரியல்ங்கற ஏல கம்பெனி ஏலம் விட்ட 1961 ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் தான்.

பிரான்ஸோட மேற்கு பக்கம் ரோஜே பையோன்னு ஒருத்தர், லாரி தொழில் பண்ணவரு, 50கள்ல இருந்தே பழைய கார்களா வாங்கி சேத்து ஒரு மியூசியம் வெக்கணும்னு ஆசப்பட்டாரு. 70கள்ல தொழில் நொடிச்சு போச்சு, ஒரு 50 கார் வித்துட்டாங்க, மிச்சம் 60 கார் கிட்ட தகர கொட்டாய்க்கு கீழ துருப்பிடிச்சு கெடந்துச்சு. பேரப்பிள்ளைங்க காலத்துல தான் ஏலக்காரங்கள கூப்ட்டு காட்டிருக்காங்க. ஃபெராரி இருந்தது கராஜுக்குள்ள, பக்கத்துல மசராட்டி ஏ6ஜின்னு இன்னொரு பழைய இத்தாலி கார், மேல என்னன்னா கட்டு கட்டா பழைய பேப்பர், பத்திரிகை! நம்ம வீட்டு பரண்ல போட்டு வெப்போமே அந்த மாதிரி. ஒரு காலத்துல பிரெஞ்சு நடிகர் ஆலன் டெலோன் ஓட்டுன கார் அந்த ஃபெராரி, ஹாலிவுட் நடிகை ஜேன் ஃபோண்டா கூட அவர் அதுல உக்காந்திருக்குற போட்டோ கூட இருக்கு. இந்த மாடல்ல ஷார்ட் வீல்பேஸ்ல, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல தூரம் கம்மியா, ஹெட்லைட்டுக்கு மூடி வெச்சு வந்தது மொத்தமே 37 தான்.

95 லட்சத்துல இருந்து 1.2 கோடி யூரோ வரைக்கும் போகும்னு சொன்னாங்க, போனது கிட்டத்தட்ட 1.63 கோடி யூரோ. தூசியோட தான் மேடைக்கு வந்துச்சு.

இவ்ளோ காசுக்கு அழுக்கு வண்டியான்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணு தான், பெயிண்ட் நீங்க நூறு தடவ அடிக்கலாம் ஆனா ஃபேக்டரில அடிச்சது ஒரு தடவ தான், போச்சுன்னா போச்சு. அந்த பாடி மோடெனால ஸ்காலியெட்டி பட்டறைல கையால தட்டி செஞ்சது, எந்த இடத்துல என்ன ஸ்க்ரூ, சீட்டுக்கு என்ன தையல், அடில என்ன கலர்னு தெரியணும்னா இந்த மாதிரி தொடாத வண்டிய பாத்தா தான் உண்டு. மத்த காரெல்லாம் ரெஸ்டோர் பண்றவங்களுக்கும் இது தான் பாடப்புத்தகம்.

எனக்கு இது ஏன் இவ்ளோ வலிக்குதுன்னா எங்கப்பாவோட ஜாவா பைக். டேங்க்ல ரெண்டு பக்கமும் அவரு முட்டி உரசி உரசி மெரூன் கலர் போய் தகரம் தெரியும். அப்பா போனப்பறம் வண்டிய நல்லா வெச்சுக்கணும்னு பெயிண்டுக்கு குடுத்தேன், பளபளன்னு வந்துச்சு, அந்த ரெண்டு எடமும் இல்ல. வீட்டுக்கு கொண்டு வந்து நிறுத்திட்டு ரொம்ப நேரம் டேங்க தடவிட்டே நின்னேன்.

அதுக்காக ஓட்டவே கூடாதுன்னு சொல்லல. பிரேக், டயர், பெட்ரோல் லைன் எல்லாம் கண்டிப்பா மாத்தணும், அது உயிர் விஷயம். ஆனா வாங்குன அன்னிக்கே பேட்டரிய மாட்டி செல்ஃப் அடிக்காதீங்க, தயவு செஞ்சு. வருஷக்கணக்கா நின்ன இன்ஜின்ல பிஸ்டன் ரிங் சிலிண்டரோட ஒட்டிட்டு இருக்கும், பழைய பெட்ரோல் கார்புரேட்டர்ல கோந்து மாதிரி படிஞ்சிருக்கும். இந்த ஃபெராரி மாதிரி 12 சிலிண்டர் இன்ஜின்னா பிளக் 12ஐயும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊற விட்டு, அப்பறம் கையால மெதுவா சுத்தி பாக்கணும், லேசா அசைஞ்சா கூட போதும், அந்த நிமிஷத்துக்காகவே இந்த வேலை செய்யலாம்.

ஏலத்துக்கு வந்தப்ப அந்த ஃபெராரியோட டிக்கி மூடில ஒரு பள்ளம் இருந்துச்சு, பேப்பர் கட்டு வருஷக்கணக்கா அழுத்தி உண்டானது. என் கைல அந்த கார் இருந்தா இன்ஜின் பாப்பேன், பிரேக் பாப்பேன், அந்த பள்ளத்த மட்டும் யாரையும் தட்டி எடுக்க விடமாட்டேன்.