பாறையில் மட்டும்தான் சிக்னல்

ஆகஸ்ட் 27, 2021, பொகவந்தலாவை

கொரோனாவுக்காக 20ஆம் திகதி இரவு போட்ட ஊரடங்கை இன்னும் எடுக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலை நிற்காததால் அம்மா விடிந்ததும், பேர் பதிந்து வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போய்விடுகிறார். கம்பஸ் விரிவுரைக்குச் சிக்னல் வேண்டுமென்றால் எங்கள் லய வீடுகளுக்கு மேலே உள்ள பாறைக்கு ஏற வேண்டும். விரிவுரை ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு மணி நேரம் இன்ஸ்டாகிராம். யாரோ ஒரு பெண், தான் ஒரு நாளில் சாப்பிடுவதைக் காட்டும் வீடியோவைக் கடைசிவரை பார்த்துவிட்டேன். அதிலிருந்து அதே மாதிரி வீடியோக்கள்தான் வரிசையாக வருகின்றன.

செப்டம்பர் 5

மத்தியான ரொட்டியை நாய்க்குப் போட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். கடையில் பால்மா இல்லை, சீனிக்குத் தட்டுப்பாடு. போன வாரம் உணவுப் பொருளுக்காக அவசரகாலச் சட்டமே வந்தது. இந்த நாளில் அம்மா இருட்டோடு எழுந்து சுட்ட ரொட்டி அது.

இரவு எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்படியில் நின்றபடியே பானைச் சோற்றைத் தின்றேன். வயிறு வலித்தும் கை நிற்கவில்லை. காலையில் தம்பிக்குப் பழைய சோறு இல்லை.

செப்டம்பர் 9

சீப்பு நிறைய முடி. இந்த மாதம் தீட்டும் வரவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தும் குளிர்கிறது.

செப்டம்பர் 16

வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் வெளியிட்ட செய்தியைப் பாறையில் இருந்து வாசித்தேன். ஃபேஸ்புக் நிறுவனமே நடத்திய ஆய்வாம். தங்கள் உடம்பை நினைத்து வருந்தும்போது இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று பதின்ம வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு 21 வயது. ஆனாலும் அது என்னைப் பற்றித்தான் என்று பட்டது. அழுதுவிட்டேன்.

விடுதியில் ஒரு சோற்றுப் பார்சலை நாலு பேர் பிரித்துச் சாப்பிடுவோம். யார் எவ்வளவு சாப்பிட்டது என்று ஒருத்திக்கும் தெரியாது. இங்கே தட்டுக்கு முன்னால் நானும் போனும்தான். ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்கு.

செப்டம்பர் 19

"புள்ள, சட்டை தோள்ல நிக்கல. என்ன மறைக்கிற?" என்று அம்மா கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், நாய்க்குப் போட்டதையும். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. "இனிமே அந்திக்கு நான் வந்த பெறகு சேர்ந்து சாப்புடுவோம்" என்றார்.

பிறகு பாறைக்குப் போய் 1926க்கு எடுத்தேன். தேசிய மனநல உதவி இலக்கம் அது. தமிழில் பேசினார்கள். பகலெல்லாம் பட்டினி கிடந்தால் இரவில் உடம்பு அப்படித்தான் கேட்கும், அது மனக்கட்டுப்பாடு இல்லாத குறை இல்லை என்றார் அந்த அக்கா. நேரத்துக்கு நேரம் கொஞ்சமாவது சாப்பிடச் சொன்னார், டாக்டரையும் பார்க்கச் சொன்னார்.

செப்டம்பர் 23

அந்த வீடியோப் பக்கங்களை எல்லாம் நீக்கினேன். இரவில் போன் அம்மாவின் தலையணைக்குக் கீழே. நேற்றும் அடுப்படிக்குப் போனேன். அம்மா விழித்துக்கொண்டு, விளக்கைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

செப்டம்பர் 30

நாளை காலை ஊரடங்கை எடுக்கிறார்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக அம்மா லீவு சொல்லிவிட்டார், ஒரு நாள் பேரும் அந்த நாள் சம்பளமும் போகும் என்று தெரிந்தும்.

இன்று மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் இருந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டோம். பாதியில் கை நின்றது. மீதியைத் தம்பி கேட்டான். கொடுக்கவில்லை.