மாமனார் வீட்டு சிபியு

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் கோழிக்குழம்பு கிடைக்கும். கூடவே சிபியுவும் கிடைக்கும். ஜாவா எழுதுகிறவரா, டெஸ்டிங் பார்க்கிறவரா, ஹெச்.ஆரில் ஆள் எடுக்கிறவரா என்ற பேதமெல்லாம் அங்கே கிடையாது. கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மாமனார் ஸ்டூலை இழுத்துப் போடுவார். "மாப்ளே, ஒரு வாரமா இது சரியில்ல. கொஞ்சம் என்னன்னு பாத்துருங்க."

சிபியு என்றால் வீட்டு அகராதியில் மேஜைக்குக் கீழே நிற்கிற மொத்தப் பெட்டி. நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனப் பொட்டு இன்னும் அழியாமல் இருக்கும். 2014, 2015 வாக்கில் வாங்கியது. உள்ளே ஐ5-4460 பிராசசர், ஹெச்81 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், யாரும் திறந்தே பார்க்காத டிவிடி டிரைவ்.

புகார் மூன்று. ஆன் செய்துவிட்டுப் பால் பாக்கெட் வாங்கி வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. திடீர் திடீரென்று அணைந்துவிடுகிறது. மூன்றாவதுதான் பெரிய விஷயம்: "பேங்க் வெப்சைட்டை எவனோ ஹேக் பண்ணிட்டான்."

தீர்ப்பும் ஏற்கெனவே தயார். மாமனாருக்கு இது வைரஸ். மச்சினனுக்கு, "அத்தான், இது செத்துப்போச்சு. புதுசா அசெம்பிள் பண்ணிரலாம், கிராபிக்ஸ் கார்டோட." மூன்று புகாருக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று இருவரும் நம்புவதில்தான் சிக்கல். பத்து வயதான பெட்டிக்கு மூன்று வியாதி தனித்தனியாக வரலாம். சர்க்கரை, மூட்டு வலி, கண் புரை மாதிரி.

ஹேக்கரைப் பிடிப்பது ஒரு நிமிட வேலை. திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். 01-01-2014 என்று இருக்கும். வங்கியின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. 2014-இல் வாழ்கிற கம்ப்யூட்டருக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் 'இந்தத் தொடர்பு பாதுகாப்பானதல்ல' என்று அலறுகிறது. மதர்போர்டில் எட்டணா அளவுக்கு ஒரு செல் இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். மல்டிமீட்டரில் 2.7-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்திலுள்ள கிளிப்பை நகத்தால் தள்ளினால் செல் துள்ளி வரும். புதிய செல்லின் எழுத்துள்ள பக்கம் மேலே. பிறகு பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே எழுந்திருக்கும் போர்டின் சொந்த அமைப்புப் பக்கத்தில், தேதியைச் சரிசெய்தால் போதும். வாட்ச் ரிப்பேர்க் கடையிலேயே கிடைக்கிற சாமானுக்கு ஒரு வாரமாக வீடே பாஸ்வேர்டு மாற்றிக்கொண்டிருந்திருக்கும்.

அடுத்து அணைவது. ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: எப்போது அணைகிறது? டியூப் லைட் ஒரு கணம் மங்கும்போதா, படம் பார்க்கும்போதா, நேரங்காலமில்லாமலா? விண்டோஸின் நாட்குறிப்பான ஈவென்ட் வியூவரைத் திறந்து 'கெர்னல்-பவர் 41' என்ற வரியைக் கண்டுபிடித்துவிட்டு, அதுவே நோய் என்று இரண்டு மணி நேரம் கூகுளில் தேடுகிறவர்கள் உண்டு. அந்த வரிக்கு அர்த்தம், போன தடவை ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை என்பதுதான். அது அணைந்த கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

லைட் மங்கும்போதுதான் என்றால் யுபிஎஸ்ஸைக் குனிந்து பாருங்கள். இந்த மாமனாருக்கு ஒரு நல்ல பழக்கம். டியூப் லைட், கேஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாவற்றிலும் மாட்டிய தேதியை மார்க்கரில் எழுதிவிடுவார். யுபிஎஸ் பேட்டரியில் 12.6.2020 என்றிருக்கும். 600 விஏ யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரி. நம் ஊர்ச் சூட்டுக்கு மூன்று வருடம் தாங்கினாலே அதிகம். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு யுபிஎஸ்ஸில் ஒரு டேபிள் ஃபேனைச் சொருகி, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். 'கீங்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஃபேனும் நின்றால் முடிந்தது. யுபிஎஸ்ஸைத் தூக்கிப் போட வேண்டாம், அதே அளவு பேட்டரி தனியாகக் கிடைக்கும்.

படம் பார்க்கும்போது அணைந்தால் சூடு. பக்கவாட்டு மூடியைத் திறந்தால் அது கம்ப்யூட்டரா, தலையணை உறையா என்று சந்தேகம் வரும். பின்பக்க ஓட்டையில் குளவி கூடு கட்டியிருப்பதும் அதிசயமில்லை. கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரிதாக ஒன்றும் செய்யாது. ஃபேனுக்கு அடியில், அலுமினியத் தகடுகளின் இடுக்கில் கம்பளி மாதிரி படிந்திருப்பதுதான் காற்றை அடைக்கும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது விமானம் மாதிரி சுற்றி பேரிங் போய்விடும்.

பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் கூலரை, அதாவது அந்த ஃபேனையும் தகடுகளையும், கழற்றினால் மட்டும் கவனம் வேண்டும். நாலு மூலையிலும் கறுப்புப் பின். தலையில் உள்ள அம்பு காட்டும் திசையில் கால் சுற்று திருப்பி இழுத்தால் வரும். பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாக நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். தோசை வார்ப்பது மாதிரி தேய்க்கத் தேவையில்லை, கூலர் அழுத்தும்போது தானே பரவும். திரும்ப மாட்டும்போது பின்களை எதிரெதிர் மூலையாக அமுக்க வேண்டும், ஒவ்வொன்றும் 'டக்' என்று சொல்ல வேண்டும். மூன்று டக் சொல்லி நாலாவது மழுப்பினால், கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் பிராசசர் 100 டிகிரியைத் தொட்டு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'கிளீன் பண்ணப்புறம்தான் ரொம்ப ஸ்லோ' என்ற கெட்ட பெயர் மாப்பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் இந்த நாலாவது பின் செய்கிற வேலையால்தான்.

நேரங்காலமில்லாமல் அணைந்தால், உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகப்படலாம். பெட்டியோடு இலவசமாக வருகிற '450 வாட்' எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர் என்றிருந்தால், பெருக்கிப் பார்த்தால் 192 வாட். மிச்சமெல்லாம் ஸ்டிக்கர். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தால் ஃபேன் சுற்றும். அது உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி, சுமை தாங்கும் என்பதற்கு அல்ல. கம்ப்யூட்டர் ஓடும்போது 12 வோல்ட் வர வேண்டிய மஞ்சள் ஒயரில் 11.4-க்குக் கீழே இறங்கினால் மாற்றியே ஆக வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பிரித்துப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர் உதைக்கும்.

இனி முதல் புகார், வட்டம் சுற்றுவது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சிபியு (இங்கே பெட்டி அல்ல, பிராசசர்) 8 சதவீதம், மெமரி 70, டிஸ்க் 100. அந்த 100-ஐப் பார்த்து மச்சினன், "பாத்தீங்களா, ஃபுல் லோடு" என்பான். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைத் தட்டிப் பாருங்கள். 100 சதவீதம் உழைக்கிற டிஸ்க் நொடிக்கு 300 கேபிதான் தள்ளியிருக்கும்; சராசரி பதில் நேரம் 4000 மில்லி விநாடி. சில அரசு அலுவலக டேபிள் மாதிரி, ஆள் சீட்டில்தான் இருக்கிறார், ஃபைல் நகரவில்லை.

ஆரோக்கியமான ஹார்ட் டிஸ்க்கே இந்த வேலைக்கு மெதுவானதுதான். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தலைப்பகுதி நகர்ந்து, தட்டு சுற்றி வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ 13 ஆகிவிடும். நொடிக்கு எழுபது, எண்பது துண்டுக்கு மேல் படிக்க முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைக் கேட்கிறது. சிப்பிலேயே சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. நொடிக்குப் பல்லாயிரம் துண்டு வரும்.

ஆனால் 4000 மில்லி விநாடி என்பது மெதுவல்ல, நோய். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் மஞ்சள் நிறத்தில் 'காஷன்' (எச்சரிக்கை) என்று நிற்கும். அங்கே பார்க்க வேண்டியது நாலே வரி. 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்குக் குடியேற்றிய செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சேமிப்புக் கட்டங்கள். சி5, படிக்க முடியாமல் டிஸ்க் இன்னும் முட்டிக்கொண்டிருக்கும் செக்டார்கள், சி6, கைவிட்டவை. சி7 மட்டும் ஏறிக்கொண்டு மற்றவை பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் பிழைத்தது, அதைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். எண்கள் பதினாறின் அடிப்படையில் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். 1பி0 என்றால் 432. சி5-இல் அப்படி ஒரு எண் இருந்தால் அந்த டிஸ்க்குக்கு இனி மருத்துவம் இல்லை, சொத்துப் பிரிப்புதான்.

இந்த இடத்தில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்வார்கள். யூடியூபில் யாரோ சொன்னார் என்று விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக் டிஸ்க்கை '/ஆர்' போட்டு ஓட விடுவார்கள். அது மூலை முடுக்கெல்லாம் படிக்கச் சொல்லிக் கட்டளையிடும். மூச்சு வாங்குகிற ஆளை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி. முதலில் செய்ய வேண்டியது, வேண்டியதை வெளியே எடுப்பது. வேறொரு கம்ப்யூட்டரில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்றிக்கொள்ளுங்கள். பெட்டியை ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்11 அல்லது எஃப்8, போர்டைப் பொறுத்து, அழுத்தினால் எதிலிருந்து கிளம்பலாம் என்று கேட்கும்.

பென் டிரைவிலிருந்து ஓடவிட்டால் இரண்டு காரியம் ஒன்றாக முடியும். சாகக் கிடக்கிற டிஸ்க்கை விண்டோஸ் போட்டு வாட்டாது, அமைதியாக நகலெடுக்கலாம். இன்னொன்று, ஒரு மணி நேரம் தொங்காமல் அணையாமல் ஓடினால் மதர்போர்டும் ரேமும் எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் நல்லவர்கள். குற்றவாளி யார் என்பதும் தெரிந்துவிடும். நகலெடுப்பதில் வரிசை முக்கியம்: கல்யாண போட்டோ, பத்திர ஸ்கேன், வருமானவரிக் கோப்புகள் முதலில். மச்சினன் தரவிறக்கிய 200 ஜிபி படங்கள் கடைசியில், டிஸ்க்குக்கு உயிர் மிச்சமிருந்தால்.

இப்போது பஞ்சாயத்து: புதிதா, பழையதா?

மச்சினன் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது, நாலாம் தலைமுறையான இந்த ஐ5-4460-க்கு வாசலிலேயே தடை. ரூஃபஸில் அந்தச் சோதனையைத் தாண்டலாம்தான், ஆனால் நாளைக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தராது. சரி, பிராசசரை மட்டும் மாற்றலாமா என்றால், புதிய பிராசசர் இந்தச் சாக்கெட்டில் உட்காராது. போர்டு மாற்ற வேண்டும். போர்டு மாறினால் டிடிஆர்3 ரேம் பொருந்தாது. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றம் தெரிந்ததே. அதற்கு மேல் மச்சினனின் கிராபிக்ஸ் கார்டுக்கு 192 வாட் எஸ்எம்பிஎஸ் போதாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கடைசியில் பழைய பெட்டியில் மிஞ்சுவது தகர மூடியும் சந்தனப் பொட்டும்தான்.

வீடியோ எடிட்டிங், புதிய கேம் என்றால் தயங்காமல் முழுசாகப் புதிது வாங்கலாம். இ.பி. பில், பென்ஷன் ஸ்லிப், யூடியூபில் பழைய பாட்டு, இவ்வளவுதான் வேலை என்றால் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ரேமும் போதும். ஹெச்81 போர்டில் சாட்டா போர்ட் நாலு, அதில் இரண்டுதான் 6 ஜிகாபிட். பெரும்பாலும் நிறம் வேறாக இருக்கும், அதில் சொருகுங்கள். கேபிள் வாங்க வேண்டாம், டிவிடி டிரைவுடையதை உருவிக்கொள்ளலாம். பழைய பெட்டியில் எஸ்எஸ்டி உட்கார இடம் இருக்காது. டபுள் டேப் போட்டு ஒட்டிவிடலாம், உள்ளே அசைகிற பொருளே இல்லை.

ரேம் வாங்கும்போது சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும் ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிற சில 8 ஜிபி டிடிஆர்3 ரேம்கள் ஏஎம்டி போர்டில் மட்டும்தான் வேலை செய்யும். இன்டெல் போர்டில் போட்டால் திரையே வராது. பில்லில் மாடலை எழுதி வாங்குங்கள்.

விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவினால் பழைய டிஜிட்டல் லைசென்ஸ் அதே மதர்போர்டைப் பார்த்துத் தானே ஏற்றுக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கட்டணமில்லாமல் வரும். அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட். இப்போதே பென் டிரைவில் ஓடிக் காட்டியாகிவிட்டதே.

சாயங்காலக் காபிக்குள் பெட்டி இருபது விநாடியில் எழுந்திருக்கும். மச்சினன் முகத்தில் மட்டும் சுரத்திருக்காது. மாமனார் உள்ளே போய் மார்க்கரை எடுத்து வந்து, மூடியில் நிதானமாக எழுத ஆரம்பிப்பார்: செல், பேஸ்ட், எஸ்எஸ்டி, இன்றைய தேதி, அதற்குக் கீழே, 'விண்டோஸ் 13.10.2026 வரை'.

அடுப்படியிலிருந்து மாமியார் குரல் வரும்: "பொட்டு மேல எழுதிராதீங்க."