லூயிசாவின் தோள்கள்

2021-இல் வந்த டிஸ்னியின் அனிமேஷன் படமான 'என்கான்டோ'வில் எனக்கு மிகவும் பிடித்தவள் லூயிசாதான். கழுதைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் பெண், ஆனால் அவளுடைய அகன்ற தோளைப் படம் கேலிப்பொருளாக்கவில்லை; பலம் போய்விட்டால் வீட்டில் தனக்கு என்ன மதிப்பு என்ற பயத்தைத்தான் காட்டுகிறது.

சரி, இதே பயம் ஆண்களுக்கு இல்லையா? 'மை ஹீரோ அகாடெமியா' என்ற ஜப்பானிய அனிமே தொடரில் வரும் சூப்பர் ஹீரோ ஆல் மைட், ஊரே நம்பியிருக்கும் மலைபோன்ற உடம்போடு தொடக்கத்தில் நாளுக்குச் சுமார் 3 மணி நேரம்தான் இருக்க முடியும், மற்ற நேரமெல்லாம் எலும்பும் தோலுமாக இருப்பதை மறைத்துத் திரிகிறார். அப்புறம் ஒரு சண்டையில் எல்லோர் கண்முன்னாலும் உடம்பு சுருங்கிப்போகிறது, அப்போதும் அவர் பின்வாங்குவதில்லை. ஒல்லியாகவே வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது.