மாதிரி எண் 17

ஜூலை 3
நுரையீரல் வார்டிலிருந்து இன்று வந்த சளிக்கு 17 என்று எண் போட்டேன். படிவத்தில் ‘பழைய காசநோய், குணமானது’ என்று இருந்தது. காசநோய் போய்விட்டது, ஆனால் அது நைந்துபோக விட்ட மூச்சுக்குழாய்கள் விரிந்தது விரிந்தபடி நின்றுவிட்டன. அங்கே தேங்கும் சளியில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா குடியேறியிருக்கிறது. இப்படி மூச்சுக்குழாய் விரிந்துபோன பிராங்கியெக்டேசிஸ் நோயாளிகளில் நம் ஊரில் நிறையப் பேருக்கு இதே கதைதான்.

ஜூலை 5
தட்டின் மூடியை விலக்கியதுமே திராட்சை வாசனை. பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழ் முழுக்கப் பச்சை. பாக்டீரியாத் திட்டான காலனியைக் கம்பி லூப்பால் தொட்டுத் தூக்கினால், நறுக்கிய வெண்டைக்காய் மாதிரி நூல் இழுக்கிறது. ஆல்ஜினேட் என்ற இந்தக் கொழகொழப்புக்குள் இருந்துகொண்டுதான் அது வருடக்கணக்கில் மருந்துக்குத் தப்புகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து தோய்ந்த வில்லையைத் தட்டில் வைத்தும், அதை ஒட்டியே வளர்ந்திருந்தது. கொஞ்சம்கூட விலகவில்லை.

ஜூலை 9
பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸான பேஜைத் தேடி, சாக்கடை நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் இறக்கி, பாக்டீரியாவோடு கலந்து ஊற்றினேன். மென் அகார் ஆறுவதற்குள் அவசரப்பட்டுவிட்டேன். சூட்டில் பாக்டீரியாவே செத்து, தட்டு வெறுமையாகக் கிடக்கிறது. என் தவறுதான். ஒரு வாரத் தண்ணீர் வீண்.

ஜூலை 13
வந்துவிட்டது! மங்கலான பரப்பின் நடுவே குண்டூசித் தலையளவில் பதினொரு தெளிந்த வட்டங்கள். ஒவ்வொன்றும் ஒற்றைப் பேஜில் தொடங்கி, பாக்டீரியாவை உடைத்து உடைத்துப் பரவிய இடம். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாக்கடையில் மருந்து தேடுகிறாயா என்று அம்மா கேட்டார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அழுகிய கத்தரிக்காயிலிருந்து 2010-ல் எடுத்த பேஜின் கதையைச் சொன்னேன். நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்ட 15 வயதுப் பெண்ணுக்கு வேறு இரண்டு பேஜ்களோடு சேர்த்து அதைக் கொடுத்தார்கள். அவள் தேறி வந்தாள். 2019-ல் அது கட்டுரையாக வெளியானது. அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்: “அந்த 17-ம் நம்பர் அம்மாவுக்கும் கொடுப்பீங்களா?” அதற்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. உடைந்த பாக்டீரியாவிலிருந்து கலக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சை நீக்க வேண்டும், மரபணுவைப் படித்து நச்சு மரபணு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். அதையெல்லாம் விளக்காமல் “முயற்சி பண்றோம்மா” என்றேன்.

ஜூலை 16
தெளிந்த வட்டத்துக்கு உள்ளேயே மூன்று காலனிகள் முளைத்திருக்கின்றன. பேஜுக்கும் எதிர்ப்பு வந்துவிட்டது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

மேடம் தட்டைப் பார்த்துவிட்டு, “தூக்கிப் போடாதே, அதற்கும் வில்லை வை” என்றார். யேல் பல்கலைக்கழகத்தினர் கனெக்டிகட்டில் ஒரு குளத்திலிருந்து எடுத்த ஓஎம்கேஓ1 பேஜ், மருந்தை வெளியே இறைக்கும் பம்பின் புரதத்தைப் பிடித்துத்தான் பாக்டீரியாவுக்குள் நுழையும். பேஜிடம் தப்ப பம்பை மாற்றிக்கொண்டால், பாக்டீரியா மருந்திடம் மாட்டும். அது போல இங்கேயும் இருக்குமா?

ஜூலை 18
மூன்றில் இரண்டு பழையபடி வில்லையை ஒட்டியே இருக்கின்றன. மூன்றாவதில் வில்லையைச் சுற்றி 17 மில்லிமீட்டர் வெற்று வட்டம். மருந்து கேட்கும் என்று சொல்ல 25 வேண்டும், அதனால் அட்டவணைப்படி இது இன்னும் எதிர்ப்புத்தான். ஆனாலும் நேற்று வரை இங்கே வட்டமே இல்லை. அளவுகோலை நான்கு முறை வைத்து அளந்தேன். அதே காலனியை மூன்று புதுத் தட்டுகளில் போட்டு 37 டிகிரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு லேப் திறக்கும்.