ஹெடர் ஃபைல்களை இடம் மாற்றப் பட்ட பாடு

ஒருவழியாக நேற்று ராத்திரி என் புல் ரிக்வெஸ்ட், அதாவது நான் செய்த மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளக் கேட்ட கோரிக்கை, மெர்ஜ் ஆகிவிட்டது. சி மொழியில் எழுதிய சின்ன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. சோர்ஸோடு கலந்து கிடந்த ஹெடர்களை (மற்ற ஃபைல்கள் அழைத்துக்கொள்ளும் அறிவிப்பு ஃபைல்களை) பிரித்து, இன்க்ளூட் ஃபோல்டருக்குள் லைப்ரரி பெயரில் துணை ஃபோல்டர் போட்டு வைக்க வேண்டும். நகர்த்தும் வேலை சீக்கிரமே முடிந்தது.

வினை பழைய அமைப்பில் இருந்தது. இந்த லைப்ரரியைத் தன் ப்ரோகிராமில் பயன்படுத்தும் திருவொற்றியூர்த் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, கம்பைல் சுத்தமா ஆகுது, ஓடவிட்டா கிராஷ் ஆகுது." லைப்ரரியைப் பராமரிப்பவரிடம் சொன்னால், "என் கணினியில் ஓடுகிறது" என்று ஒரே வரியில் இஷ்யூவை (பிழைப் புகாரை) மூடிவிட்டார். அந்த ஒரு வரி இன்னும் உறுத்துகிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, தேரடியில் இறங்கி, தம்பி வீட்டுக்கே போய் உட்கார்ந்தேன்.

ஜிசிசி கம்பைலருக்கு மைனஸ் பெரிய எச் (-H) என்ற ஆப்ஷனைக் கொடுத்ததும் குட்டு உடைந்தது. எந்த ஹெடர் எந்தப் பாதையிலிருந்து வருகிறது என்று அது வரிசையாகக் காட்டும். முன்னால் எத்தனை புள்ளியோ அத்தனை ஆழம். லைப்ரரியின் பொது ஹெடர், கான்ஃபிக் டாட் எச்சை மேற்கோள் குறி போட்டு அழைக்கிறது. ஆனால் லைப்ரரியை நிறுவும் மேக் இன்ஸ்டால் கட்டளையில் அந்த ஃபைல் காப்பி ஆவதே இல்லை. மேற்கோள் குறி போட்டால் கம்பைலர் முதலில் அழைக்கும் ஃபைல் இருக்கிற ஃபோல்டரில் தேடும். அங்கே இல்லையென்றால் மைனஸ் ஐ (-I) ஆப்ஷனில் கொடுத்த பாதைகளுக்குப் போகும். தம்பியின் ப்ராஜெக்டிலும் ஒரு கான்ஃபிக் டாட் எச் இருந்தது. சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொண்டது! அதில் ஒரு மேக்ரோ (கம்பைலுக்கு முன் படிக்கப்படும் பெயர் வரையறை) இல்லாததால் ஸ்ட்ரக்சரில், அதாவது பல தரவுகளைச் சேர்த்துவைக்கும் அமைப்பில், ஓர் உறுப்பு விடுபட்டு, லைப்ரரி நினைத்த அளவு ஒன்று, தம்பியின் ப்ரோகிராம் ஒதுக்கிய அளவு வேறொன்று. எரர் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்திருக்கும்.

கான்ஃபிக், யூட்டில்ஸ் மாதிரிப் பெயர்களை வெறுமனே வைக்காதீர்கள். வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவில் "அண்ணா" என்று கூப்பிட்டால் யார் திரும்புவார் என்று சொல்ல முடியுமா?

ஜிசிசி காட்டிய அந்த அவுட்புட்டை இஷ்யூவில் அப்படியே ஒட்டியதும் இஷ்யூ மறுபடி திறந்தது. வெளியே தேவைப்படும் மேக்ரோக்களை மட்டும் லைப்ரரி பெயர் சேர்த்த தனி ஹெடரில் போட்டு இன்ஸ்டால் ஆகவைத்தேன். மீதியெல்லாம் உள்ளேயே இருக்கட்டும். பழைய பாதையில் அழைப்பவர்களுக்காக, புதிய ஹெடரை அழைத்து வார்னிங் மட்டும் காட்டும் குட்டி ஃபைல்களை விட்டுவைத்தோம்.

அடுத்து, பில்டை அமைத்துத் தரும் கருவியான சிமேக் மல்லுக்கு நின்றது. இன்க்ளூட் பாதையை பில்டு இன்டர்ஃபேஸ், இன்ஸ்டால் இன்டர்ஃபேஸ் என்று தனித்தனியாகச் சொல்லாவிட்டால், டார்கெட்டை (இங்கே நம் லைப்ரரியை) மற்ற ப்ராஜெக்ட்கள் பயன்படுத்த எக்ஸ்போர்ட் செய்யும்போது சோர்ஸ் பாதை உள்ளே இருக்கிறது என்று நிறுத்திவிடும். இதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

சொந்த ஃபோல்டருக்குள் பில்டு ஓடுவதை மட்டும் நம்பாதீர்கள். காலி ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்து, ஒவ்வொரு ஹெடரையும் தனியாக அழைக்கும் ஒரு வரி ஃபைலை வெளியிலிருந்து கம்பைல் செய்து பாருங்கள். இதை ஒவ்வொரு மெர்ஜுக்கு முன்பும் தானாக ஓடும்படி சேர்த்தேன். முதல் ஓட்டத்திலேயே தனக்குத் தேவையான ஸ்டிட்இன்ட் டாட் எச்சை (stdint.h, முழு எண் வகைகளைத் தரும் ஹெடர்) அழைக்காமல் இத்தனை நாள் தப்பித்த இன்னொரு ஹெடரும் மாட்டியது. அதையும் திருத்தி அதே ரிக்வெஸ்டில் அனுப்பினேன்.